நகரெல்லைக்கு அப்பால் ஒரு வீடு

தன் சொந்த நிலத்திலே, தன் சொந்தப் பொருளைக் கொண்டு ஒரு வீட்டைக் கட்ட விரும்பும் ஒருவன் அதற்குப் பிறரிடம் அனுமதி பெறவேண்டுமா? நகரவாசிக்கு இக்கேள்வி விநோதமாகத் தோன்றலாம். வரைபடத்தைச் சபையிடம் ஒப்படைத்து, கட்டணம் செலுத்தி, அங்கீகாரம் பெற்ற பின்னரே அத்திவாரம் வெட்டுவது அவனுக்குப் பழக்கமான முறை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாட்டுப்புறங்களில் இக்கேள்வி நெடுங்காலமாக வாதப்பொருளாக இருந்துவருகின்றது.

அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் கவுண்டி எனப்படும் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஒரு கவுண்டிக்குள்ளே தமக்கெனச் சாசனம் பெற்று, தம் சபையைத் தாமே தெரிந்தெடுக்கும் நகரங்கள் சில இருக்கும். கலிபோர்னியா, ரெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அந்நகரங்களின் எல்லைக்குள் அடங்காத பண்ணைகளும், மேய்ச்சல் நிலங்களும், மலைக்காடுகளும் கவுண்டியின் நேரான நிர்வாகத்துக்கு உட்பட்டவை. எனினும், கவுண்டியின் அதிகாரம் மாநிலச் சட்டம் வகுத்த அளவினதே. கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் உரிமையை மாநிலம் அளிக்காவிடின், கவுண்டி கைகட்டி நிற்கவேண்டியதுதான்.

கட்டடச் சட்டங்கள் நகரங்களிலே முதலில் வேரூன்றியமைக்குப் பெருங்காரணம் நெருப்பு. 1871ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சிக்காகோ நகரை எரித்த தீ, ஏறத்தாழ 300 உயிர்களைக் குடித்து, சுமார் ஒரு இலட்சம் மக்களை வீடற்றவர்களாக்கியது. ஒருவன் வீட்டில் பற்றிய நெருப்பு அயலான் கூரைக்குத் தாவும் இடத்தில், வீடு கட்டுவது தனியொருவனின் காரியமாக இருக்க முடியாது. ஆனால் நாட்டுப்புறத்திலோ ஒரு வீட்டுக்கும் மற்றொரு வீட்டுக்கும் இடையே வயல்கள் கிடந்தன. அவன் கூரை சரிந்தால் அவனுக்கே நட்டம் என்று சட்டம் ஒதுங்கி நின்றது.

அந்த எண்ணத்தை அசைத்தது பூமியதிர்ச்சி. 1933ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆந் தேதி, வெள்ளிக்கிழமை மாலையில், கலிபோர்னியா மாநிலத்தின் லோங் பீச் பகுதி குலுங்கியது. ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். செங்கல்லாற் கட்டிய பாடசாலைகள் பல இடிந்து வீழ்ந்தன. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னர் நிகழ்ந்தமையாற் பேரழிவு தவிர்ந்தது. சரியாக ஒரு மாதத்துள், பாடசாலைக் கட்டடங்களைப் பற்றிய பீல்ட் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் வந்த ரைலி சட்டம், நகரங்களோடு கவுண்டிகளும் கட்டடப் பகுதியொன்றை அமைத்து அனுமதி வழங்கவேண்டும் என விதித்தது. நிலத்தின் நடுக்கத்துக்கு நகர எல்லை தெரியாது என்பதை அரசு உணர்ந்தது. ஆயினும், நகர எல்லைக்கு வெளியே இரண்டு குடும்பங்களுக்கு மேற்படாது வாழும் வீடுகளுக்கு அச்சட்டம் விலக்களித்தது. குடியானவனின் வாசற்படியிலே சட்டம் மீண்டும் தயங்கியது.

பிற்காலத்தில் அத்தயக்கம் நீங்கிற்று. நகரத்து வீட்டுக்கென எழுதப்பட்ட விதிகள் மலைக்காட்டு வீட்டுக்கும் வந்தன. மின்கம்பி, குழாய்நீர், மலகூடம், அறையின் அளவு யாவற்றுக்கும் விதி இருந்தது. 1970ஆம் ஆண்டுகளில், கலிபோர்னியாவின் வடபாலுள்ள மென்டொசினோ கவுண்டியில் நகர வாழ்வைத் துறந்து குடியேறியோர், கிடைத்த மரத்தைக் கொண்டு தாமே சிறு வீடுகளை அமைத்தனர். கவுண்டி அதிகாரிகள் அவற்றைச் சட்டவிரோதமானவை என அறிவித்தபோது, அவர்கள் சங்கமாகத் திரண்டு எதிர்த்தனர். மின்சாரமே வேண்டாதவன் மின்கம்பி இழுக்காதது எவ்வாறு குற்றமாகும் என்பது அவர்கள் வாதம்.

அவ்வாதம் வீண்போகவில்லை. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், நாட்டுப்புறத்தில் உரிமையாளனே தன் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டுக்கெனத் தனி விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றை ஏற்பதா என்பதை அந்தந்தக் கவுண்டியே தீர்மானிக்கலாம். அனுமதி பெறும் கடமை நீங்கவில்லை. ஆனால் அறையின் அளவும், பழைய மரத்தின் உபயோகமும் உரிமையாளனின் விருப்பத்துக்கு விடப்பட்டன. மலகூடத்துக்குச் சுகாதாரப் பகுதி ஒப்புக்கொள்ளும் வேறு முறையும் போதும். வீடு உறுதியாயிருத்தலும், சுகாதாரத்துக்குக் கேடு விளையாதிருத்தலுமே முதன்மை பெற்றன.

விதிகள் மிகுந்தமையால் விளைந்த துன்பம் இது. விதியே இல்லாமையால் விளைந்த துன்பத்தை ரெக்சாஸ் மாநிலத்திற் காணலாம். மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய கவுண்டிகளில், 1950ஆம் ஆண்டுகள் முதலாக, நில வியாபாரிகள் தரிசுகளைத் துண்டுபோட்டு ஏழைத் தொழிலாளருக்குத் தவணை முறையில் விற்றனர். குடிநீரும் இல்லை, கழிவுநீர் வழியும் இல்லை. தவணை முழுவதையும் கட்டித் தீர்த்த பின்னரே உறுதி கைக்கு வரும். இடையில் தவறினால் நிலமும் அதன்மேல் எழுப்பிய வீடும் கைவிட்டுப் போகலாம். கொலோனியா எனப்பட்ட இக்குடியிருப்புகளில், கூலி கிடைத்தபோதெல்லாம் ஓர் அறையாக வீடு வளர்ந்தது. தடுக்கப் போதிய அதிகாரம் கவுண்டிகளுக்கு இருக்கவில்லை. 1989ஆம் ஆண்டிலும் 1995ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்கள் நீர் வசதிக்கும் நில விற்பனைக்கும் ஒழுங்கு செய்தன. புதிய வீடுகளின் கட்டுமானத்துக்கு விதி வகுக்கும் உரிமை பல கவுண்டிகளுக்கு 2009ஆம் ஆண்டிலேதான் கிட்டியது. அத்திவாரத்திற் கொங்கிறீற்று இடுமுன்னர் ஒரு முறை, சட்டகத்தைச் சுவர்ப்பலகை மறைக்குமுன்னர் ஒரு முறை, வேலை முடிந்தபின் ஒரு முறை எனக் குறைந்தது மூன்று பரிசோதனைகள் வேண்டும் என அச்சட்டம் கூறுகின்றது.

அம்மூன்று வேளைகளையும் நோக்கின் அனுமதியின் உட்பொருள் விளங்கும். மண்ணும் சுவரும் மறைத்துவிடும் குறைகளை, மறையுமுன் ஒரு கண் பார்க்கவேண்டும். இன்று கட்டுபவன் நாளை விற்கலாம். அவ்வீட்டை வாங்குபவனும் அதில் உறங்கும் குழந்தையும் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதில்லை. கசியும் மலக்குழி அயலானின் கிணற்றையும் கெடுக்கும். ஆகவே தனித்து நிற்கும் வீடும் முற்றிலும் தனியானதன்று. அதே வேளை, ஏழையால் எட்டமுடியாத விதி அவனைப் பாதுகாப்பதில்லை. ஒளிந்து கட்டவே தூண்டும். உயிரைக் காக்க இன்றியமையாதவை எவை, வசதியைச் சார்ந்தவை எவை என்று பிரித்தறியும் சபையே நாட்டுப்புறத்தானின் நம்பிக்கையைப் பெறும். மென்டொசினோவின் மலைவீடுகளும் ரெக்சாசின் கொலோனியாக்களும் உணர்த்தும் பாடம் அதுவே.