ஈறும் 480 பேரும்: தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஒரு கதை

திருவானைக்காவல்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோடு பல் ஈறு பத்தி. இதுல என்ன வரலாறுன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஈறு நோய் பத்தி இன்னைக்கு உலகம் முழுக்கப் பல் மருத்துவக் கல்லூரிகள்ல சொல்லித் தர்ற ஒரு முக்கியமான விஷயம், தமிழ்த் தொழிலாளர்களோட வாயில இருந்து வந்தது.

முதல்ல நம்ம ஊர். ஜம்புகேஸ்வரர் கோயிலோட தல மரம் வெண் நாவல். நாவல் பட்டையைக் கொதிக்க வச்சு வாய் கொப்பளிக்கிறது பழைய ஈறு வைத்தியம். பட்டையோட துவர்ப்பு ஈறை இறுக்கும்னு நம்பிக்கை. ஆலங்குச்சி, வேலங்குச்சி எல்லாம் அதே வரிசைதான். ஆனா ஈறு ஏன் வீங்குதுங்கிற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்க 1965 வரைக்கும் ஆச்சு.

அந்த வருஷம் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் 12 பேரைப் பல் துலக்காம இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிடுச்சு. திரும்பத் துலக்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் அளவுல சரியாயிடுச்சு. பல் மேல படியற கிருமிப் படலம்தான் வில்லன்னு உறுதியாச்சு.

சரி, 3 வாரம் விட்டா வீக்கம். வாழ்நாள் முழுக்க விட்டா? அதுக்குப் பல் துலக்கும் பழக்கமும் பல் சிகிச்சையும் இல்லாத மக்கள் தேவைப்பட்டாங்க. 1970-ல் லோவின் குழு இலங்கை மலையகத்துக்கு வந்தது. டன்சினன், ஹாரோ தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதிச்சாங்க. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தாங்க.

இவங்க யாரு? திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை மாவட்டங்களில் இருந்து பிரிட்டிஷ் காலத்தில் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களோட வம்சம்தான் மலையகத் தமிழர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடற்றவர்கள் ஆக்கிடுச்சு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பங்கு பிரிச்சது. ஆய்வு ஆரம்பிச்சப்போ அந்தப் பிரிவினை இன்னும் முடியல.

முடிவு 1986-ல் வெளிவந்தது. அவங்களுக்குச் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதனால விழுந்த பல்லெல்லாம் ஈறு நோய்க் கணக்குதான். 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமா ஓடி, 45 வயசுல அநேகமா எல்லாப் பல்லும் போயிடுச்சு. 81 சதவீதம் பேருக்கு மெதுவா முன்னேறுச்சு. அதே வயசுல சராசரியா 7 பல் போச்சு. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவே இல்ல. ஒரே தோட்டம், ஒரே வாழ்க்கை, ஆனா மூணு விதமான முடிவு. அழுக்கு மட்டும் இல்ல, உடம்பு அதை எப்படி எதிர்கொள்ளுதுங்கிறதும் முக்கியம்னு புரிஞ்சது.

எனக்கு உறுத்துறது இதுதான். எங்க வேலையில சர்வர்ல பிழை தெரிஞ்சா, லாக் எழுதிட்டுச் சும்மா இருக்க மாட்டோம், சரிபண்ணுவோம். இங்க சிகிச்சை இல்லாம நோய் எப்படிப் போகுதுன்னு பார்க்கிறதே நோக்கம். பல் துலக்கினா ஈறு தேறும்னு 1965-லயே நிரூபிச்ச அதே ஆள்தான் 1970-ல் வெறுமனே அளக்கப் போனார். பல் வசதி வந்து சேராத தோட்டம் கிடைச்சதாலதான் அந்த ஆய்வு நடந்தது. அந்த அறிவு இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் உதவுது, அதுவும் உண்மை.

அப்போ நாம என்ன பண்ணணும்? துலக்கும்போது ரத்தம் வந்தா நிறுத்தாதீங்க. அது வீக்கத்தோட அறிகுறி. மெதுவான பிரஷ்ஷால காலை, ராத்திரி ரெண்டு வேளையும் ஈறு ஓரம் வரை துலக்குங்க. பல் இடுக்கையும் சுத்தம் பண்ணுங்க. காரையா இறுகிட்டா பிரஷ்ஷால போகாது, பல் டாக்டர்தான் எடுக்கணும். "ஸ்கேலிங் பண்ணா பல் ஆடும்"ங்கிறது தப்பு. எலும்பு ஏற்கனவே கரைஞ்சிருந்தா, காரை போனதும் அந்த ஆட்டம் வெளியே தெரியுது, அவ்வளவுதான். புகைபிடிக்கிறவங்களும் சர்க்கரை இருக்கிறவங்களும் கூடுதல் கவனமா இருக்கணும். கரைஞ்ச எலும்பு தானா வளராது.

அடுத்த தடவை டாக்டர் "ஈறைப் பார்த்துக்கோங்க"ன்னு சொன்னா, அந்த 480 பேரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. ஆய்வுக் கட்டுரைகள்ல அவங்க எண்ணிக்கை இருக்கு, பேர் இல்ல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.