தப்பியதற்குக் கொடுத்த விலை

கல்முனைக்கு அருகே மருதமுனையின் கைத்தறி ஓசையைக் கேட்டு வளர்ந்த எவரும், பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி, அதை முடிந்த பின்னரே நாடாவை மீண்டும் ஓட்டுவதைக் கண்டிருப்பர். அவ்வாறு நின்று பாராமல் நெய்துகொண்டே போகும் ஒரு கொடிய நெசவை நம் தலைமுறை அறிந்துகொண்ட சரித்திரம், நம் பக்கத்தில் 1986இல் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பரிசோதித்தபோது, ஆறில் எச்.ஐ.வி. வெளிப்பட்டது, மறு ஆண்டே இலங்கையர் ஒருவரிடத்தும் அது காணப்பட்டது.

ஆயினும் அந்த வைரசு உடலிற் புகுந்த முதல் வாரங்களில் நடப்பது பின்னரே துலங்கிற்று. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 102 பேருள் 78 பேரின் நோய்க்கு ஒற்றை வைரசே மூலமாயிருந்தது. ஏறத்தாழ 10,000 எழுத்துகள் கொண்ட அதன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியத்துக்குத் தன் பிழையைத் திரும்பிப் பார்க்கும் இயல்பு இல்லாமையால், சில படிகளுக்கு ஒரு பிழையேனும் விழ, நாளொன்றுக்கு ஆயிரம் கோடி வைரசுகள் பிறக்கும் தேகத்தில் விகாரங்கள் எண்ணிறந்து பெருகுகின்றன. பெரும்பாலானவை வைரசுக்கே கேடு. சிலவோ, அதைத் தேடிக் கொல்லும் வெண்குருதிக் கலங்களின் கண்ணிலிருந்து அதை மறைத்துவிடுகின்றன.

வைரசின் துண்டுகளை அக்கலங்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. பி57 என்னும் மரபணு உடையோரிடத்தில், வைரசின் உட்கூட்டைக் கட்டும் புரதத்தின் 242ஆம் இடத்திலே திரியோனின் போய் அஸ்பரஜின் வந்தமர்கிறது; வைரசு தப்பிக்கொள்கிறது, ஆனால் அதன் பெருகும் வல்லமை குன்றுகிறது. அத்தகையோரிடத்தில் நோய் மந்தமாகச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சில வைரசுகள் அருகே வேறு விகாரங்களைப் பெற்று இழந்த வலிமையை ஓரளவு மீட்கின்றன. பிலிப் கோல்டரும் அவர்தம் சகாக்களும் 2004இல் கண்டறிந்ததோ இதனினும் வியப்புக்குரியது: அம்மரபணு இல்லாத இன்னொருவர் உடலுக்கு அந்த வைரசு சென்றதும், அங்கே ஒளிய வேண்டிய அவசியம் அற்றுப்போக, அஸ்பரஜின் நீங்கி, பழைய திரியோனினே மீண்டும் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது.