ஊவா மலையகத்தில் உப்பும் ஊனும்

ஊனைத் தீயில் வாட்டி உண்ணக் கற்றது மனித வரலாற்றின் ஒரு படி. தீயில் இடுமுன் அதனை உப்பில் ஊறவைக்கக் கற்றது மற்றொரு படி. முன்னதற்கு நெருப்பு ஒன்றே போதுமானதாயிருந்தது. பின்னதற்கோ உப்பு விளையும் கரையும், அவ்வுப்பைக் கொண்டுவரும் வழியும் தேவைப்பட்டன. ஆகவே கடலை விட்டகன்ற மலைநாடொன்றில் பன்றியிறைச்சியை உப்பிட்டு ஊறவைக்கும் வழக்கத்தை ஆராய்வோர், உப்பு யார் கையில் இருந்தது என்பதையும், அந்த ஊனை யார் மதித்தனர், யார் இகழ்ந்தனர் என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டியவராவர்.

இவ்வாராய்ச்சிக்குக் கொஸ்லந்த பொருத்தமான இடமாகும். பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பெருவீதியில், ஊவா மலைகளின் தென்சரிவில் அஃது அமைந்துள்ளது. மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே உலர்வலயக் காடுகள். அவற்றுக்கும் அப்பால் அம்பாந்தோட்டையின் உப்பளங்கள். உப்புக்கும் மலைக்கும் இடைப்பட்ட வாயில்களுள் ஒன்றாக அவ்வூரைக் கருதலாம்.

தமிழர்க்குப் பன்றியூனும் உப்பும் புதியனவல்ல. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இவ்விரண்டும் இடம்பெறுகின்றன. உமணர் தம் குடும்பத்தோடு உப்பு வண்டிகளை ஓட்டிச்செல்லும் காட்சி ஓரிடத்தில் வருகின்றது. பன்றியேற்றையைக் குழியில் நிறுத்தி, நெல்மாவூட்டிக் கொழுக்க வளர்த்து, அதன் ஊனைக் கள்ளோடு பாணர்க்கு அளிக்கும் செய்தி பிறிதோரிடத்தில் வருகின்றது. அங்கே பன்றியூன் விருந்தினர்க்குரிய சிறப்புணவு. பிற்காலத்தில் சைவ ஆசாரமும் சாதிப் பாகுபாடும் வலுப்பெற்றபோது அதே ஊன் தாழ்ந்தோர் உணவெனப் பெயர் பெற்றது. ஊனின் தன்மை மாறவில்லை. உண்போர் மீதான மதிப்பீடே மாறிற்று.

உப்பு எளிதிற் கிட்டாத இடத்தில் மனிதன் வேறு வழி கண்டான். 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் றொபேட் நொக்ஸ், வேடர் இறைச்சியைப் பேணும் முறையொன்றைக் குறிப்பிடுகின்றார். மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கென அவர்கள் வைத்திருந்தனர் என்பது அவர் கூற்று. வேடர் வாழ்ந்த பிந்தனைப் பகுதியின் ஒரு பாகம் இன்றைய பதுளை மாவட்டத்தில் அடங்கும். தேனும் உப்பும் சுவையால் வேறுபட்டவை, தொழிலால் ஒன்றே. இரண்டும் ஊனிலுள்ள நீரை ஈர்த்து, அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுக்கின்றன.

கண்டி அரசுக்கு உப்பு ஓர் அரசியற் பிரச்சினையாகவே இருந்தது. 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபின், மலைநாட்டார் ஒருபிடி உப்புக்கும் பிறர் இசைவை நாட வேண்டியவராயினர். உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றிவந்தவை பொதிமாட்டுக் கூட்டங்கள். அவை பாக்கையும் நெல்லையும் சுமந்து திரும்பின. இவ்வணிகத்தில் முசுலிம்கள் பெரும்பங்கு வகித்தனர். பன்றியை விலக்கிய ஒரு சமூகமே அதனைப் பதப்படுத்தும் உப்பையும் மலைக்குக் கொண்டுவந்தது என்பது எண்ணத்தக்கது. பிரித்தானியர் ஆட்சியிலும் உப்பு அரசின் தனியுரிமையாகவே நீடித்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃபின் கடமைகளுள் உப்புச் சேகரிப்பு முதன்மையானது.

இதற்கிடையில் ஊவா மலைகளின் முகம் மாறிவிட்டது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிய, தேயிலை பரவியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக்காம்பராக்களில் குடியமர்ந்தனர். தனக்கென நிலமில்லாத குடும்பத்துக்குக் களஞ்சியம் ஏது? உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூசிய இறைச்சித் துண்டுகளைக் கயிற்றிற் கோத்து உலர்த்தும் உப்புக்கண்டம் இத்தகைய வாழ்க்கைக்கு ஏற்ற பழைய தமிழ்முறை. வெயில் மறைந்த மழைமாதங்களில் அடுப்புப் புகையே வெயிலின் இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. காட்டோரங்களில் அகப்பட்ட காட்டுப்பன்றியாயினும், வீட்டில் வளர்ந்த பன்றியாயினும், அதன் ஊன் ஒருநாளில் தீர்வதன்று. எஞ்சியதை உப்பே காத்தது.

அதே காலத்தில் துரைமார் பங்களாக்களின் மேசைக்கு உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடையும் பேக்கனும் கடல் கடந்து வந்தன. விலங்கு ஒன்று, உப்பு ஒன்று, அறிவும் ஒன்று. ஆனால் பங்களாவில் அது நாகரிகமாகவும், லயத்தில் அது இழிவாகவும் எண்ணப்பட்டது. இவ்விழிவை வெள்ளையர் மட்டும் கற்பிக்கவில்லை. தமிழ்ச் சமூகத்தின் சாதிக்கண்ணும் அதற்குத் துணைநின்றது.

எனினும் உப்பறிவை மட்டும் கொண்டு வயிற்றை நிரப்ப இயலாது. 1973–74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. காக்க ஒன்றுமில்லாதவனுக்குக் காக்கும் கலையால் பயனில்லை என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின.

குளிர்சாதனப் பெட்டி பரவிய இந்நாளில் ஊறவைத்தலின் நோக்கம் பெரிதும் மாறியுள்ளது. பன்றியின் முதுகுப்புறத் துண்டில் கொழுப்புக் குறைவு. நேரே தணலில் இட்டால் நீர் வற்றி வறண்டுவிடும். ஒரு லீற்றர் நீருக்கு ஐம்பது அல்லது அறுபது கிராம் உப்பைக் கரைத்து, சில மணிநேரம் குளிரில் ஊறவிட்டால், உப்பு தசைப்புரதங்களைத் தளர்த்துகின்றது. அவை நீரைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் பெறுகின்றன. நீரை வெளியேற்றிக் காப்பதற்குப் பயன்பட்ட பொருளே, அளவு குறைந்தபோது நீரைத் தக்கவைக்கப் பயன்படுகின்றது. பின்னர் மிளகும் பூண்டும் சேர்கின்றன. புளிப்புக்கு உலர்ந்த கொறுக்காய், சிங்கள மக்களின் பன்றிக்கறியிலிருந்து வருகின்றது. காடியும் பூண்டும் சேர்த்து ஊறவைத்தல் போர்த்துக்கேயர் வழக்கம். கோவாவின் விந்தாலு அதன் வழிவந்ததே.

மலையக வரலாறு பெரும்பாலும் தேயிலை ஏற்றுமதியின் கணக்குகளாலும் குடியுரிமைச் சட்டங்களின் ஆண்டுகளாலும் எழுதப்பட்டுள்ளது. அவை இன்றியமையாதன. ஆயினும் ஓர் ஊறுகலத்தில் வேடரும் தமிழரும் சிங்களவரும் முசுலிம் வணிகரும் விட்டுச்சென்ற அறிவும் உழைப்பும் கலந்துள்ளமையை அக்கணக்குகள் காட்டுவதில்லை. ஓர் உணவை இழிந்ததென ஒதுக்கும்போது, அதனைக் காத்த அறிவும் ஏட்டில் ஏறாமற் போகின்றது. உண்பதும் விலக்குவதும் அவரவர் விருப்பம். உண்போரை இகழ்ந்து அவர்தம் அறிவைப் புறக்கணித்தல் வரலாற்று மாணவனுக்கு ஏற்புடையதன்று.