பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி

நாரணாபுரம் என்றதும் பட்டாசு ஆலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வட்டாரத்தார் கல்விக்கு நிதி திரட்டிய வரலாறோ பட்டாசுத் தொழிலினும் பழமையானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயுள்ள பனங்காட்டுச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் குடியேறினர். வந்தேறிய மண்ணில் அவர்களுக்குத் துணைநின்றது உறவின்முறை. விற்கும் சரக்கின் மீது ஒரு சிறு தொகையை 'மகமை'யாக எடுத்துப் பொதுநிதியில் சேர்த்தனர். கோயிலுக்கும் கிணற்றுக்கும் பயன்பட்ட அந்நிதி பள்ளிக்கும் பயன்பட்டது. 1889-இல் விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. கடை இல்லாத வீட்டாரும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென எடுத்து வைத்தனர்.

அப்பள்ளியில் பயின்றவர் காமராசர். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தாய்மாமனின் துணிக்கடைக்குச் சென்றார். பள்ளியை எழுப்பிய ஊர்நிதியால் அவரை வகுப்பில் இருத்த இயலவில்லை. அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊராரின் நன்கொடையும் அதில் சேர்ந்தது. பிடி அரிசி மாணவனின் தட்டுக்கே வந்துவிட்டது எனலாம்.

இன்று கல்வி உதவிக்கென விழா எடுத்து நிதி திரட்டும் நாம், கட்டணத்தோடு மாணவனின் வீட்டு உலையையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.