வேலியே பயிரை மேய்ந்த கதை

பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது பாட்டி என் கையில் ஒரு சுருக்குப்பையைக் கொடுத்தார். உள்ளே ஐந்து ஒரு ரூபாய் நாணயங்கள். எல்லாமே ஆறாம் ஜார்ஜ் தலை போட்டவை. 1940களில் அடித்தவை. தாத்தாவின் சம்பாத்தியத்தில் மிச்சம் நின்றது அவ்வளவுதான். கொஞ்சம் கறுத்திருந்தன. மற்றபடி கிரீடத்தின் வேலைப்பாடு வரை தெளிவாகத் தெரிந்தது.

இதைப் போய்த் துணிப்பையில் வைப்பதா? படித்த பிள்ளை அல்லவா நான்! கடைக்குப் போய்க் கண்ணாடி மாதிரி பளபளக்கும் பிளாஸ்டிக் உறைகள் வைத்த நாணய ஆல்பம் ஒன்றை வாங்கினேன். காசுகளைப் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பன்னிரண்டு வருஷம் கழித்துத் திறந்தால், ஐந்திலும் பாசி பிடித்த மாதிரி பச்சை. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது.

திருடன் வரவில்லை. மழைத்தண்ணீர் இறங்கவில்லை. குற்றவாளி அந்த ஆல்பம்தான்!

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. நாணயம் சேர்த்தவர்களின் சரித்திரத்தைப் புரட்டினால் இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இது ராஜாக்களின் பொழுதுபோக்கு. பிரான்சின் பதினான்காம் லூயி தன் நாணயச் சேகரிப்பை வெர்சாய் அரண்மனைக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். ராஜா வீட்டுக் காசு சும்மா கிடக்குமா? தட்டுத் தட்டாக இழுப்பறைகள், ஒவ்வொரு காசுக்கும் ஒரு குழி என்று அலமாரிகள் செய்தார்கள். எந்த மரத்தில் செய்வது என்பதில்தான் வில்லங்கம். ஓக் மரம் உறுதியானது, சரி. ஆனால் அதிலிருந்து அசிட்டிக் அமில ஆவி கசியும். வினிகரில் இருக்கிறதே, அதே அமிலம். ஈயத்தில் செய்த பழைய காசுகளும் பதக்கங்களும் அந்த ஆவி பட்டு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. மஹோகனி மரத்தில் அந்தத் தொல்லை குறைவு. நாணய அலமாரி என்றாலே மஹோகனி என்று ஆனது இதனால்தான்.

அதிலும் ஒரு சிக்கல். இழுப்பறையைத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே காசு லேசாக நகரும், உரசும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தால், கடைத்தெருவையே பார்க்காத புதுக்காசிலும் ராஜாவின் கன்னம் தேய்ந்துவிடும். சேகரிப்பாளர்கள் இதற்கு ‘கேபினட் ஃப்ரிக்‌ஷன்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

அடுத்து வந்தது அட்டை. 1930களில் அமெரிக்காவே வேலையில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். விஸ்கான்சின் மாநிலத்தில் ஜே.கே. போஸ்ட் என்பவர் ஓர் அட்டையில் வரிசையாக ஓட்டைகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வருஷத்தை அச்சடித்தார். சில்லறையில் கிடைக்கும் ஒரு சென்ட் காசுகளைத் தேடி ஓட்டைகளை நிரப்ப வேண்டும். பைசா செலவில்லாத விளையாட்டு! அதே மாநிலத்தின் விட்மன் கம்பெனி இதைக் கையில் எடுத்ததும் ராஜாக்களின் பொழுதுபோக்கு சாமானியர் வீட்டுக்குள் நுழைந்தது. ஆனால் மட்டமான அட்டையிலும் காகித உறையிலும் கந்தகம் உண்டு. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ரப்பர் பேண்டிலும் கந்தகம் இருக்கிறது. காசைப் பொட்டலம் கட்டி அதைச் சுற்றி வைத்தால், சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிடும்.

பிறகு என் வில்லன் வந்தான். பி.வி.சி. சுபாவத்தில் இது விறைப்பான பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாய் செய்கிறார்களே, அதுதான். மெத்தென்று வளைவதற்காக எண்ணெய் மாதிரி சில ரசாயனங்களைக் கலக்கிறார்கள். நாளாவட்டத்தில் அவை கசிந்து காசின் மேல் படியும். கூடவே பி.வி.சி.யும் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அமிலம் தாமிரத்தைத் தின்றால் பச்சை. வெக்கையும் ஈரமும் சேர்ந்த சென்னை மாதிரி ஊரில் கேட்கவே வேண்டாம்.

வெள்ளி ரூபாயில் தாமிரம் எங்கே வந்தது என்கிறீர்களா? 1940க்கு முன்னால் வந்த ரூபாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றோரு பங்குக்கு மேல் வெள்ளி. யுத்தம் வந்தது. 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, 40 சதவிகிதம் தாமிரம் சேர்த்தார்கள். தாத்தாவின் காசு பச்சைக்கு அல்வா மாதிரி!

சரி, எதைத்தான் வாங்குவது? மைலார் என்கிற பாலியெஸ்டர் படலம் ஒட்டிய சதுர அட்டை மலிவு, நல்லது. ஓரத்தில் அடிக்கும் ஸ்டேப்ளர் பின்னை மட்டும் தட்டிச் சமமாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். விலையுயர்ந்த காசுக்குக் கெட்டியான அக்ரிலிக் கூடு. அமெரிக்காவில் 1986இலிருந்து பி.சி.ஜி.எஸ். நிறுவனம் காசைத் தரம் பார்த்துக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் முத்திரையிட்டுத் தருகிறது. அதற்குள் போனாலும், முன்பே ஒட்டிய பி.வி.சி. பிசுக்கைத் துடைக்காவிட்டால் அரிப்பு நிற்காது.

கடைக்காரர் ‘நல்ல பிளாஸ்டிக் சார்’ என்பார். மோந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசனை வந்தால் வேண்டாம். சந்தேகமா? வெட்டவெளியில் நின்று, இடுக்கியில் பிடித்த செம்புக் கம்பியைச் சூடாக்கி உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். ஜுவாலை பச்சையாக எரிந்தால் பி.வி.சி. என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பச்சை பிடித்திருந்தால் புளி, விபூதி, பற்பசை எதையும் கொண்டு தேய்க்காதீர்கள். தேய்த்தால் காசின் மேல்தோலே போய்விடும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் பிசுக்கு கரையும். அது சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

என் ஐந்தில் இரண்டு தேறின. மற்ற மூன்றிலும் அமிலம் தின்ற இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். கல்லூரியில் தேய்மானக் கணக்கு பக்கம் பக்கமாகப் போட்டவன் நான். பூட்டி வைத்த சொத்துக்கும் தேய்மானம் உண்டு என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது ஐந்தும் அக்ரிலிக் கூட்டில் இருக்கின்றன. வருஷத்துக்கு இரண்டு தரம் எடுத்துப் பார்க்கிறேன். பாட்டியின் சுருக்குப்பையும் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தத் துணிப்பைக்குள் இருந்தவரை ஒரு காசும் பச்சையாகவில்லை.