ஆயா பாட்டும் 113 கிராம் பொட்டியும்

ஆணி ஜாஸ்தி மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்குக் கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கொசுவத்தி. பொறுத்துக்கங்க.

போன மாசம் பெங்களூருல சோனி என்.டபிள்யூ-ஏ306 வாங்கினேன். 2023-ல வந்த வாக்மேன். எடை 113 கிராம், 3.6 அங்குலத் திரை, உள்ளே 32 ஜிபி, மேல மெமரி கார்டும் போட்டுக்கலாம். "பாட்டு கேக்கத்தான் போன் இருக்கேடா"ன்னு ரூம்மேட் சிரிச்சான். நியாயமான கேள்விதான். சரி, சோதிச்சுப் பாத்துடுவோம்னு தர்மபுரிக்கு ரயில் ஏறினேன்.

ஓசூர் தாண்டினதும் இளையராஜாவோட 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்'. சிடியில இருந்து சுருக்காம எடுத்து வச்சது. போன்ல ப்ளூடூத் வழியா கேக்குறப்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்த வயலின்கள் இதுல தனித்தனியா நின்னுச்சு. பாலக்கோடு வர்றதுக்குள்ள பாஸ் மார்க் போட்டுட்டேன். அசல் பரீட்சை வீட்டுல காத்திருந்தது தெரியாம :-)

அதுக்கு முன்னாடி சரித்திரம். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை பெர்லின் கண்காட்சியில காட்டினது 1963-ல. 1979 ஜூலையில சோனி விட்ட முதல் வாக்மேன் புதுசா பொறந்தது இல்ல. பத்திரிகைக்காரங்களுக்காகச் செஞ்ச பிரஸ்மேன் ரெக்கார்டரைத்தான் மாத்தினாங்க. ரெக்கார்டிங்கையும் ஸ்பீக்கரையும் எடுத்துட்டு, ஸ்டீரியோவையும் ஹெட்போனையும் வச்சாங்க. பாக்கெட்டுக்குள்ள அடங்கணும்னா எதையாவது தூக்கிப் போடணும். இந்தச் சரித்திரம் முழுக்க இதே கதைதான்.

அடுத்து தூக்கிப் போட்டது சத்தத்தையே. 1982-ல வந்த சிடி ஒரு நொடிக்கு 1411 கிலோபிட் தின்னும். அஞ்சு நிமிஷப் பாட்டு 50 எம்பிக்கு மேல. எம்பி3 என்ன பண்ணுச்சுன்னா, மனுசக் காதுக்கு எப்படியும் தெரியாதுன்னு கணக்குப் போட்டு சிலதை விட்டுடும். 128 கிலோபிட்ல அதே பாட்டு 5 எம்பிக்குள்ள அடங்கிடும். இதுக்கு உழைச்சவங்கள்ல முக்கியமானவர் ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். அவர் சோதனைக்கு எடுத்தது சூசன் வேகாவோட 'டாம்ஸ் டைனர்'. வாத்தியமே இல்லாத ஒத்தப் பொம்பளைக் குரல். ஆரம்பத்துல அந்தக் குரல் கர்ண கொடூரமா வந்துச்சாம். பின்னாடி மேளதாளம் இல்லன்னா தப்பு ஒளிய இடம் இல்லையே. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

1998-ல தென்கொரியாவோட எம்பிமேன் 32 எம்பியோட வந்துச்சு. அரை மணி நேரப் பாட்டு பிடிக்கும். 2000-ல சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனியோட நோமாட் ஜூக்பாக்ஸ் 6 ஜிபி, ஆனா சைஸு சிடி பிளேயர் மாதிரி. 2001 அக்டோபர்ல ஐபாட், 5 ஜிபி, 1000 பாட்டு, 185 கிராம். ஆப்பிள் அதுக்கு 2022 மே மாசம் மூடுவிழா நடத்திடுச்சு.

எங்க வீட்டுக்கு இது எதுவும் வரல. இருந்தது ஒரு டூ-இன்-ஒன். அப்பா லிஸ்ட் எழுதிக் குடுத்து ரெக்கார்டிங் சென்டர்ல பதிஞ்சு வாங்கின கேசட்டுங்க. அப்புறம் 150 பாட்டு எம்பி3 சிடி. அப்புறம் மொபைல் கடையில மெமரி கார்டுல பாட்டு ஏத்துறது.

அந்த டூ-இன்-ஒன்ல, வாக்மேன் தூக்கிப் போட்ட ரெக்கார்டிங் பட்டன் இருந்துச்சு. 1994-ல அப்பா அதை அமுக்கி, கேவுரு களையெடுக்கறப்ப ஆயா பாடுற பாட்டைப் பதிஞ்சு வச்சிருந்தார். 2013-ல நான் பிளஸ் ஒன். ஆயா அப்ப இல்ல. கேசட்டை வயர் போட்டு கம்ப்யூட்டருக்கு ஏத்தினேன். 2 ஜிபி கார்டுல சினிமாப் பாட்டுக்கு இடம் வேணும்னு ஆயாவை 32 கிலோபிட்டுக்குச் சுருக்கிட்டேன். அந்த வருசம் வெள்ளையடிக்கறப்ப கேசட் பழைய சாமான்காரர்கிட்ட போயிடுச்சு. "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேப்பா"ன்னு சொன்ன புண்ணியவான் அடியேன்தான்.

இப்ப அந்த ஃபைலைப் போட்டு அப்பா காதுல மாட்டி விட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிஞ்சதும், "ஏன்டா, எங்கம்மாவுக்குப் பல்லு முளைச்சிடுச்சா?"ன்னார்.

எனக்குப் புரியல.

"முன்பல்லு ரெண்டும் கிடையாதுடா அதுக்கு. ச-ன்னு வந்தா விசில் அடிக்கும். அதக் காணோமே."

சகர ஒலி பெரும்பாலும் உயர் அதிர்வெண்ல இருக்கு. பிட்டைக் கொறைச்சா முதல்ல அடிபடுறது அந்தப் பகுதிதான். பிராண்டன்பர்க்கைப் படுத்தின அதே ஒத்தப் பொம்பளைக் குரல். அவர் வருசக்கணக்கா மெனக்கெட்டுச் சரி பண்ணினார். நான் ரெண்டு நிமிஷத்துல வெட்டி எறிஞ்சேன்.

ஆக, விமர்சனம் இதுதான். பொட்டி நல்ல பொட்டி. ஆனா குடுத்ததைத்தான் திருப்பிக் குடுக்கும். இத்தனை வருசமா கருவி சுருங்கச் சுருங்க நாம தூக்கிப் போட்டதை, காசு குடுத்து கடையில திரும்ப வாங்க முடியாது. உங்க வீட்டுல கேசட் இருந்தா சிடி தரத்துல, சுருக்காம எடுத்து வைங்க. ஒரு மணி நேரம் 650 எம்பிக்குள்ளதான். எடுத்த பிறகும் கேசட்டை மட்டும் எறியாதீங்க சாமி.

அப்பா அன்னிக்கே இன்னொரு தடவை கேட்டார். சித்தப்பா வீட்டுப் பரண்ல ஒரு கேசட் பொட்டி இன்னும் கிடக்குதாம். ஆயா பாடினது அதுலயும் இருக்கலாம்ங்கறார். வர்ற சனிக்கிழமை பென்னாகரம் போறேன்.