மருத்துவமனை இடிக்கப்பட்டது, சிற்றாலயம் நிற்கிறது: க்யூரேட்டர் ரெசிடென்சி என்றால் என்ன?

ஓவியரை ஓர் இடத்தில் சில வாரமோ மாதமோ தங்க வைத்து, செலவுக்குப் பணமும் கொடுத்து வரையச் சொல்வது 'ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி'. இதே வசதி க்யூரேட்டருக்கும் உண்டு. அவர் வரைபவர் அல்ல. எந்தப் படைப்பு, எந்த இடத்தில், ஏன் என்று முடிவு செய்து கண்காட்சியை உருவாக்குபவர்.

அதுக்கு எதுக்கு அங்கேயே தங்கணும்? வெள்ளைச் சுவர் கேலரி என்றால் அவ்வளவு அவசியமில்லைதான். பழைய சிற்றாலயம் என்றால் கதையே வேற. லண்டனின் ஃபிட்ஸ்ரோவியா சாப்பலைப் பார்த்தால் புரியும்.

விகடகவி மாதிரி ஒரு வாசகம்

மிடில்செக்ஸ் மருத்துவமனைக்காக 1891-ல் கட்டத் தொடங்கிய பிரார்த்தனைக் கூடம் இது. வடிவமைத்த ஜான் லௌபரோ பியர்சன் 1897-ல் இறந்துவிட, மகன் ஃபிராங்க் வேலையைத் தொடர்ந்தார். முடிய 1929 ஆகிவிட்டது. கூரையில் தங்க நிற மொசைக், சுவரில் பல வண்ணப் பளிங்கு. ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு கிரேக்க வாசகம் இருக்கிறது. நம்ம 'விகடகவி' மாதிரி, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். முகத்தை மட்டுமல்ல, பாவத்தையும் கழுவச் சொல்கிறது.

மருத்துவமனை 2005-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. பாரம்பரியக் கட்டடமாக சட்டப் பாதுகாப்பு இருந்ததால் சிற்றாலயம் தப்பியது. இப்போது சுற்றிலும் புதுக் குடியிருப்புகள், அலுவலகங்கள்.

ஆணி அடிக்க முடியாது

காப்பாற்றிய அதே சட்டம்தான் க்யூரேட்டருக்கு முதல் தலைவலி. இஷ்டத்துக்குச் சுவரைத் தொட முடியாது. அடுத்தது கூரை. அந்தத் தங்கத்துக்குக் கீழே சுமாரான படம் எதை வைத்தாலும் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்! அந்த இடத்தோடு சம்பந்தம் இருக்கிற படைப்புதான் நிற்கும். இங்கே யார் வந்தார்கள், எதற்காக வேண்டினார்கள் என்று தேட நாள் வேண்டும். தங்குவது அதற்குத்தான்.

சம்பந்தம் என்றால் எப்படி? 1987-ல் இந்த மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான பிராட்ரிப் வார்டைத் திறந்து வைத்தார் இளவரசி டயானா. தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று பலர் பயந்த காலம். அவர் கையுறை போடாமல் நோயாளியின் கையைக் குலுக்கினார். 1993-ல் அந்த மருத்துவமனையின் எய்ட்ஸ் வார்டுகளில் புகைப்படக் கலைஞர் கிடியன் மெண்டல், 4 நோயாளிகளையும் அவர்களைக் கட்டிப்பிடித்த உறவுகளையும் நர்ஸ்களையும் படம் எடுத்தார். உயிர் காக்கும் கூட்டு மருந்துகள் 1996 வாக்கில் வந்தன. அந்த நால்வருக்கு அது கிடைக்கவில்லை. 2017-ல் அந்தப் படங்கள் இந்தச் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டன. வார்டு இருந்த கட்டடம் அப்போது இல்லை.

2022-ல் நடந்தது லே பவரி பற்றிய கண்காட்சி. விசித்திர உடைகளால் லண்டனைக் கலக்கிய கலைஞர். 1994 டிசம்பர் 31 அன்று இதே மருத்துவமனையில் எய்ட்ஸ் பாதிப்பால் இறந்தார். நோயை ரகசியமாகவே வைத்திருந்தவர், யாராவது கேட்டால் பப்புவா நியூ கினியா போயிருப்பதாகச் சொல்லச் சொன்னாராம். கண்காட்சிக்கு அதையே தலைப்பாக வைத்தார்கள்.